ஊர் உணவுத் திருவிழா: கீரை பறிப்பது முதல் பந்தி முடிவது வரை

ஐப்பசி மழை ஓய்ந்ததும் வரப்பிலும் தரிசிலும் தானாக முளைக்கிற கீரைகளைக் கிள்ளிவந்து ஒரு வேளைக் குழம்பை முடித்துவிடுகிற பெண்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மிதுக்கு வத்தல் போடத் தெரிந்த பாட்டி இருப்பார். வரகைக் குத்திப் புடைக்கத் தெரிந்த அக்கா இருப்பார். எந்தப் புதரில் களாக்காய் எப்போது காய்க்கும் என்று சொல்கிற ஆடு மேய்க்கும் பெரியவர் இருப்பார். இவர்களுக்குத் தெரிந்ததை ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நாக்கால் ருசித்துக் கற்றுக்கொள்ள ஒரு நாள் ஏற்பாடு செய்வதுதான் ஊர் உணவுத் திருவிழா.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் சுமார் 200 பேர் கலந்துகொள்ளும் விழாவை எப்படி நடத்துவது என்று இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது. நகரத்துக் குடியிருப்பிலோ பள்ளியிலோ நடத்துகிறவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம். பறிக்கும் இடம் மட்டும் மாறும்.

விழா முழுவதற்கும் ஒரே ஒரு விதிதான். அதை ஒரு அட்டையில் எழுதிச் சமையல் கூடத்தில் மாட்டிவிடுங்கள்:

தெரிந்தவர் அடையாளம் காட்டி, தெரிந்தவர் சமைத்து, சமைத்தவரே நின்று பரிமாறும் உணவு மட்டுமே பந்திக்கு வரும்.

யார் பறித்தது, யார் சமைத்தது என்று சொல்ல ஆள் இல்லாத உணவு எவ்வளவு ருசியாக இருந்தாலும் வேண்டாம். கற்றுக்கொடுப்பதற்கும் இதுதான் வழி, பாதுகாப்புக்கும் இதுதான் வழி.

## முதலில் முடிவு செய்ய வேண்டியவை

காலம். கார்த்திகை முதல் மாசி நடுப்பகுதி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் முளைத்த கீரைகள் மார்கழியில் தழைத்து நிற்கும். தை மாதத்தில் புது நெல், மொச்சை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு எல்லாம் சேரும். வெயில் குறைவு என்பதால் சமைத்த உணவு கெடும் ஆபத்தும் குறைவு. நுங்கு, நாவல் போன்ற கோடைப் பழங்களுக்காகச் சித்திரைக்குப் பிறகு நடத்தினால், சமைத்த பண்டங்களைக் குறைத்துப் பழங்களையும் கூழையும் மட்டும் வையுங்கள்.

இடம். பள்ளி வளாகம், சமுதாயக்கூடம், ஊர் மந்தை ஆகியவற்றில் எல்லாரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடம் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தெருவுக்கோ ஒரு சமூகத்துக்கோ உரியதென்று கருதப்படும் இடம் வேண்டாம்.

அளவு. முதல் ஆண்டில் பத்துப் பண்டங்கள் போதும். நாற்பது பண்டங்களை வைத்தால் கூட்டம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும். பத்துப் பண்டங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருவரை நிறுத்தினால், வந்தவர்கள் வீட்டில் செய்து பார்க்கிற அளவுக்குத் தெரிந்துகொண்டு போவார்கள்.

## குழு அமைத்தல்: எட்டு வாரம் முன்பு

1. ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் இரண்டிரண்டு பேரைச் சேருங்கள். தானாக விளைகிற உணவைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயல் கூலி வேலைக்குப் போகிற பெண்கள். அவர்கள் இல்லாத குழு அமைத்தால் விழா பாதியில் நொண்டும்.
2. கூட்டத்தை அவர்களுக்குத் தோதான நேரத்தில் வையுங்கள். பகலில் வேலை இருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் வசதிப்படும்.
3. பொறுப்புகளை ஐந்தாகப் பிரியுங்கள்: பறிப்பு, சமையல், பரிமாறல், தண்ணீரும் துப்புரவும், கணக்கு.
4. பந்தி ஒன்றுதான், சமைக்கிற இடம் ஒன்றுதான் என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லார் முன்னிலையிலும் முடிவு செய்யுங்கள். ‘அந்த வீட்டில் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால், அது ஊர் விழாவாக இருக்காது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.
5. பறிக்கிறவர்களுக்கும் சமைக்கிறவர்களுக்கும் அன்றைய கூலியை வரவு செலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் கொடுத்துவிட்டு, சமைத்த பெண்களுக்குத் துண்டு போர்த்தி அனுப்புவது நியாயமில்லை.

குறிப்பு: பெரியவர்களை அழைக்கும்போது ‘விழாவுக்கு வாங்க’ என்று சொல்லி நிறுத்தாமல், ‘எங்களுக்கு இதைக் கத்துக்குடுங்க பாட்டி’ என்று கேளுங்கள். ‘ஏழைப்பட்டவங்க சாப்பாட்டை எதுக்குத் தம்பி மேடையில வைக்கிறீங்க?’ என்று பலரும் கூச்சப்படுவார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசினால் அந்தக் கூச்சம் விலகும்.

## ஊரைச் சுற்றி ஒரு நடை: ஆறு வாரம் முன்பு

என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பண்டப் பட்டியல் போட முடியாது. அதற்கு ஒரு காலை நேர நடை தேவை.

1. விவரம் தெரிந்த மூன்று பேரோடும் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடும் காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள்.
2. வரப்பு, வாய்க்கால் கரை, வேலியோரம், ஏரிக்கரை, தரிசு, பனங்காடு என்று வகை வகையான இடங்களுக்குப் போங்கள்.
3. ஒவ்வொரு செடிக்கும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: ஊரில் வழங்கும் பெயர், சாப்பிடும் பகுதி, கிடைக்கும் மாதம், சமைக்கும் முறை.
4. இலை, பூ, காய், முழுச் செடி என்று தனித்தனியாகப் படம் எடுங்கள்.
5. மூன்று பேரும் தனித்தனியாக ‘இது சாப்பிடுகிற கீரைதான், நான் சாப்பிட்டிருக்கிறேன்’ என்று சொன்ன செடியை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பிந்தைய நடையில் பெரும்பாலும் கிடைப்பவை: குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி, முடக்கத்தான், தூதுவளை, முசுமுசுக்கை, பிரண்டை, கோவை, புளியாரை. நீர்நிலை ஓரத்தில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரை.

## பறிக்கும் முறையும் எச்சரிக்கையும்

### எங்கே பறிக்கக் கூடாது

- நெடுஞ்சாலை ஓரம், சாக்கடை ஓரம், குப்பை மேடு, தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால்.
- களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலும் அதன் வரப்பும். பக்கத்து வயலில் தெளித்தாலும் காற்றில் பரவும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.
- காப்புக்காடு. வன உரிமைச் சட்டம், 2006, காட்டில் வாழும் சமூகங்களுக்குச் சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமை வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கிடையாது. மலையடிவார ஊர் என்றால் இருளர், பளியர் போன்ற மக்களை உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, அவர்கள் உணவை அவர்களே அறிமுகப்படுத்தச் செய்யுங்கள்.

### பறிக்கும் வரிசை

1. விழாவுக்கு முதல் நாள் மாலை அல்லது அன்று விடியற்காலை பறியுங்கள். அதற்கு முன்பே பறித்தால் வாடிவிடும்.
2. ஒருவர் ஒரு வகையை மட்டும் பறிக்கட்டும். கலவைக்கீரைக்குக்கூட வகை வகையாகத் தனித்தனிப் பையில் கொண்டுவந்து, சரிபார்த்த பிறகு கலக்க வேண்டும்.
3. கொழுந்தை மட்டும் கிள்ளுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம். ஓரிடத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி பூத்து விதைத்தால்தான் அடுத்த மழைக்கு முளைக்கும்.
4. வந்ததும் விவரம் தெரிந்த ஒருவர் எல்லாப் பைகளையும் பாயில் கொட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகமான இலை ஒன்று கலந்திருந்தாலும் அந்தப் பையை முழுவதும் ஆய வேண்டும்.
5. ஆய்ந்தபின் உப்புக் கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள்.

குறிப்பு: முழுக்கைச் சட்டை, செருப்பு, கையுறை அவசியம். தரிசில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும். சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். புதரில் கைவிடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பு இருக்கலாம்.

### குழப்பம் வரும் இடங்கள்

- பெயர்க் குழப்பம். குப்பைக்கீரையும் குப்பைமேனியும் வேறு வேறு. முன்னது கடைந்து சாப்பிடுவது. பின்னது நாட்டு மருந்தில் பயன்படும் செடி, பந்திக்கு உரியதல்ல. மாவட்டம் மாறினால் பெயரும் மாறும். பெயரை நம்பாமல் செடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.
- கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் என்று நாம் கொண்டாடும் பூவின் கிழங்கு இது. கலப்பை போல இரண்டாகக் கிளைத்திருக்கும். இதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே காட்டிலிருந்து தோண்டிய கிழங்கு எதையும் முதல் ஆண்டு விழாவில் சேர்க்க வேண்டாம். தோட்டத்தில் நட்டு விளைந்த சேனை, சிறுகிழங்கு, வள்ளி போதும்.
- காளான். மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளானை உண்ணும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது வீட்டோடு இருக்கட்டும். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு என்று சொல்லும் சோதனைகள் எதுவும் நம்பத்தக்கதல்ல. பொதுப் பந்தியில் காட்டுக்காளான் கூடவே கூடாது. வேண்டுமானால் வளர்ப்புச் சிப்பிக்காளான் வாங்கிக்கொள்ளுங்கள்.
- குன்றிமணி, ஊமத்தை, அரளி. இவற்றை அலங்காரத்துக்குக்கூட வைக்காதீர்கள். குன்றிமணியின் சிவப்பு பிள்ளைகளை இழுக்கும். மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.
- பூஞ்சை பிடித்த வரகு. அறுவடையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகைத் தின்றால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்ததற்கும் வரகுப் பயிரில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணமாகச் சொல்லப்பட்டது. காய்ந்த, வாடை இல்லாத தானியத்தை மட்டும் வாங்குங்கள்.

### காட்டு இறைச்சி வேண்டாம்

காட்டு முயல், உடும்பு, கவுதாரி, காட்டுப்பன்றி போன்றவற்றைப் பிடிப்பதும் சமைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். ‘பழைய காலத்துச் சாப்பாடு’ என்று யாராவது ஆர்வத்தோடு கொண்டுவந்தாலும் மறுத்துவிடுங்கள். அசைவம் வேண்டுமென்றால் நாட்டுக்கோழி, வயல் நண்டு, அயிரை, குரவை, விரால் ஆகியவை உண்டு. அவற்றுக்குத் தனி அடுப்பு, தனிக் கத்தி, தனி மேசை வைக்க வேண்டும்.

## பத்துப் பண்டங்கள், 200 பேருக்கு

ஒருவர் எல்லாவற்றையும் ருசி பார்த்து வயிறு நிறைய மொத்தம் 400 முதல் 500 கிராம் உணவு போதும். கீழே உள்ள அளவுகள் ஏறத்தாழச் சொன்னவை. உங்கள் சமையல்காரரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

1. கம்மங்கூழ்: கம்பு 4 முதல் 5 கிலோ, மோர் சேர்த்து 30 லிட்டர். ஆளுக்கு 150 மில்லி.
2. சாமைச் சோறு அல்லது வரகுச் சோறு: அரிசி 10 கிலோ.
3. கலவைக்கீரைக் கடைசல்: ஆய்வதற்கு முன் 15 கிலோ கீரை, பாசிப்பருப்பு 2 கிலோ. குறைந்தது ஐந்து வகைக் கீரை சேரட்டும்.
4. பிரண்டைத் துவையல்: இளம் பிரண்டை ஒன்றரைக் கிலோ. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரிக்க வேண்டும். நல்லெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால்தான் நாக்கு அரிக்காது.
5. முடக்கத்தான் தோசை: மாவு 8 கிலோ, இலை ஒரு கிலோ. சிறு தோசையாக ஆளுக்கு ஒன்று. கல்லில் சுடச்சுடப் போட்டுக் கொடுங்கள்.
6. தூதுவளை ரசம்: 12 லிட்டர். இலையின் முள்ளை நகத்தால் கிள்ளி எடுத்தபின் அரைக்க வேண்டும்.
7. கொள்ளு மசியல்: கொள்ளு 4 கிலோ, முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும்.
8. பனங்கிழங்கு: வேகவைத்து, ஆளுக்குப் பாதி. 100 கிழங்குகள்.
9. வத்தல், வடகம்: மிதுக்கு, சுண்டை, மணத்தக்காளி வத்தல்கள். ஊர் வீடுகளிலிருந்து திரட்டியவை.
10. எள்ளுருண்டை அல்லது தினைமாவு உருண்டை: கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, ஆளுக்கு ஒன்று.

குறிப்பு: மரவள்ளி சேர்ப்பதென்றால் கசப்பு ரகத்தைத் தவிர்த்து, தோல் நீக்கித் துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சேனை, சேம்பு ஆகியவற்றைப் புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அரிப்பு இராது.

## வீட்டுத் தயாரிப்புகளை ஏற்பது எப்படி

ஊறுகாய், வத்தல், பொடி, தேன், பலகாரம் என்று வீடுகளிலிருந்து வருபவற்றுக்குத் தனி மேசை போடுங்கள்.

1. ஒவ்வொரு பாத்திரத்திலும் நான்கு விவரம் எழுதி ஒட்டுங்கள்: பண்டத்தின் பெயர், செய்தவர் பெயர், செய்த நாள், சேர்மானம்.
2. வேர்க்கடலை, எள், பால் சேர்ந்தவற்றைப் பெரிய எழுத்தில் குறிப்பிடுங்கள். சிலருக்கு ஒவ்வாமை இருக்கும்.
3. குழு உறுப்பினர் இருவர் திறந்து பார்த்து, முகர்ந்து, பூஞ்சை, சிக்கு வாடை, நுரைப்பு இருந்தால் நீக்கிவிட வேண்டும். கொண்டுவந்தவர் மனம் நோகாதபடி தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.
4. ஊறுகாய்க்கு உலர்ந்த மரக்கரண்டி வையுங்கள். ஈரக் கரண்டி பட்டால் கெட்டுவிடும்.
5. தேன் மேசையில் ஓர் அறிவிப்பு வையுங்கள்: ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தரக் கூடாது.

கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதை விழாவில் சேர்க்க முடியாது.

## அனுமதிகள்: நான்கு வாரம் முன்பு

1. ஊராட்சித் தலைவரிடமும் இடத்துக்குப் பொறுப்பானவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.
2. ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள்.
3. வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரைச் சந்தியுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன்கீழ், தற்காலிகக் கடை போடுகிறவர்களும் பொது நிகழ்ச்சிகளில் உணவு வழங்குகிறவர்களும் பதிவு செய்ய வேண்டும். எந்த வகைப் பதிவு உங்களுக்குப் பொருந்தும் என்று அவரே சொல்வார். விழா நாளில் வந்து பார்க்கும்படி அவரையே அழையுங்கள்.
4. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளையும் நேரத்தையும் தெரிவியுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. வாழை இலை, மந்தாரை இலைத் தட்டு, பாக்கு மட்டைத் தட்டு, கூழுக்குப் பனையோலைப் பட்டை என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பட்டை மடிக்கத் தெரிந்தவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்தால், பிள்ளைகள் தாங்களே மடித்து வாங்கிக் குடிப்பார்கள்.

## சமையல் கூடம்

- தீ. சமையல் கூடத்துக்குக் கீற்றுப் பந்தல் போடாதீர்கள். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையலறைக் கூரையில் பற்றிய தீதான் பரவியது. அடுப்பு தகரக் கூரைக்குக் கீழோ வெட்டவெளியிலோ இருக்கட்டும். விறகடுப்பும் எரிவாயு உருளையும் ஒரே இடத்தில் கூடாது. இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர், ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.
- தண்ணீர். குடிக்க, சமைக்க, கைகழுவ என்று தனித்தனிப் பீப்பாய். குழாய் பொருத்திய பீப்பாயும் சோப்பும் பந்தி நுழைவிலேயே இருக்க வேண்டும். கூழ் கரைக்கவும் மோர் பெருக்கவும் கொதித்து ஆறிய நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.
- சமைப்பவர்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கையில் புண் உள்ளவர்கள் அன்று சமைக்க வேண்டாம். அவர்களுக்குரிய கூலியைக் குறைக்காமல், உணவைத் தொடாத வேறு வேலை கொடுங்கள். கூலி போய்விடும் என்று பயந்தால் நோயை மறைப்பார்கள்.

## விழா நாள்: நேர வரிசை

1. விடியற்காலை 4.30: அடுப்புப் பற்றவைத்தல். கொள்ளு, பருப்பு, பனங்கிழங்கு முதலில்.
2. 6.00: கீரை வந்துசேரும். சரிபார்த்து, ஆய்ந்து, அலசுதல்.
3. 8.30: கூழ் கரைத்தல், ரசப்பொடி அரைத்தல், பிரண்டை வதக்குதல்.
4. 10.00: சாமை அல்லது வரகு உலையேற்றுதல். கீரையைக் கடைசியாகக் கடைய வேண்டும்.
5. 10.30: விழாத் தொடக்கம். பேச்சு மொத்தம் 15 நிமிடம். பிறகு செடிக் கண்காட்சி: ஒவ்வொரு செடியையும் தொட்டியிலோ நீர் நிறைந்த குவளையிலோ வைத்து, பறித்தவரே விளக்குவார்.
6. 11.30: பத்து மேசைகளில் ருசி பார்த்தல். முப்பது பேர் கொண்ட குழுவாக அனுப்புங்கள்.
7. 12.30 முதல் 2.00: சமபந்தி. சமைத்தவர்களும் முதல் பந்தியிலேயே உட்காரட்டும். அந்த ஒரு பந்திக்கு மட்டும் விதியைத் தளர்த்தி, சமைத்தவர்கள் கண்முன்னே குழுவில் உள்ள ஆண்கள் பரிமாற வேண்டும்.
8. 2.30: விதை மாற்றும் மேசை.
9. 3.30: துப்புரவு. இலைகள் மாட்டுக்கும் எருக்குழிக்கும்.

சூட்டுக் கணக்கு: சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருந்தால் கிருமி பெருகாது. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்த சோறு, கடைசல், தேங்காய் சேர்ந்த துவையல் ஆகியவற்றைப் பரிமாற வேண்டாம். துவையலை ஒரே தடவையில் அரைக்காமல், மூன்று தடவையாக அரையுங்கள்.

## விதை மாற்றும் மேசை

சாப்பிட்டது வீட்டுத் தோட்டத்தில் முளைக்க வேண்டும். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், 2 கிலோ விதை நெல் வாங்கிப்போகும் விவசாயி மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற முறையை வைத்திருந்தார். அப்படித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் ஊர் ஊராகப் பரவின. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் உழவர் பெண்கள் மாட்டுவண்டிகளில் விதைகளை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகத் திருவிழா நடத்துகிறார்கள்.

நீங்கள் இதைச் சிறிய அளவில் செய்யலாம்:

1. கீரை விதைகள், பிரண்டைத் துண்டுகள், முடக்கத்தான் விதை, தினை, சாமை விதைகளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் கட்டி வையுங்கள்.
2. வாங்குபவர் பெயரையும் தெருவையும் ஏட்டில் எழுதுங்கள்.
3. அடுத்த விழாவுக்கு இரட்டிப்பாகத் திருப்பித் தரும்படி சொல்லுங்கள்.
4. விற்க வேண்டாம். பணம் வாங்கினால் திருப்பித் தரும் பொறுப்பு அதோடு முடிந்துவிடும்.

## பொதுவாக நேரும் தவறுகள்

- மருந்து என்று விளம்பரம் செய்தல். ‘இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்’ என்று பலகை எழுதாதீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடைசெய்கிறது. அதைவிட, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேரும். பெயர், ருசி, சமைக்கும் முறை மட்டும் எழுதினால் போதும்.
- எல்லாருக்கும் எல்லாம் பரிமாறுதல். பருப்புக்கீரை, புளியாரை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் பழக்கமில்லாத கீரையை விழாவில் முதல்முறையாகச் சாப்பிட வேண்டாம். இதை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், பலகையிலும் எழுதுங்கள்.
- கடையில் வாங்கி ஒப்பேற்றுதல். கீரை போதாதென்று சந்தையில் வாங்கிக் கலந்துவிடுவார்கள். அதற்குப் பண்டத்தைக் குறைத்துவிடலாம். குறைந்ததை வெளிப்படையாகச் சொன்னால், ‘மழை இல்லாவிட்டால் இந்தக் கீரை இல்லை’ என்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகும்.
- மேடைக்கு முதலிடம் கொடுத்தல். சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் கூழ் புளித்துவிடும். பேசச் சொல்வதென்றால் சமைத்தவர்களைப் பேசச் சொல்லுங்கள்.
- சமைத்துப் பார்க்காமல் விழாவுக்குப் போதல். இரண்டு வாரம் முன்பு குழுவினர் மட்டும் பத்துப் பண்டங்களையும் சிறிய அளவில் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அளவு, நேரம், ஆள் பற்றாக்குறை எல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

## யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்

1. வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், வாய் மரத்துப்போதல் என்று யார் சொன்னாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ‘கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். சில நஞ்சுகள் பல மணி நேரம் கழித்துத்தான் வேலை காட்டும்.
2. விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கவோ, புளிக்கரைசல், மோர் என்று புகட்டவோ வேண்டாம்.
3. அவர் சாப்பிட்டவற்றின் பெயரையும், சந்தேகமான இலை அல்லது கிழங்கையும் ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்புங்கள்.
4. அந்தப் பண்டத்தைப் பரிமாறுவதை அப்போதே நிறுத்துங்கள்.
5. இதற்காகவே ஒவ்வொரு பண்டத்திலும் 200 கிராமைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். மருத்துவருக்கும் அலுவலருக்கும் இது தேவைப்படும்.

## விழாவுக்குப் பிறகு ஒரு வாரத்தில்

1. வரவு செலவுக் கணக்கை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். கூலி பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது.
2. நடையில் எடுத்த குறிப்புகள், படங்கள், சமையல் முறைகளைச் சேர்த்து ஓர் ‘ஊர் உணவு ஏடு’ தயாரியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சொன்னவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, எழுதுங்கள். ஒரு படி பள்ளிக்கு, ஒரு படி நூலகத்துக்கு, சொன்னவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு படி.
3. பள்ளியிலோ சமுதாயக்கூடத்திலோ ஒரு பாத்தி ஒதுக்கி, பத்துக் கீரை வகைகளை நட்டு வளருங்கள். பிள்ளைகள் தினமும் பார்க்கட்டும்.
4. களைக்கொல்லி தெளிக்காத வரப்புகள், பராமரிக்க வேண்டிய புதர்கள், காக்க வேண்டிய பனைகள் எவை என்று விவசாயிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பறிக்கும் இடம் அழிந்தால் அடுத்த ஆண்டு விழா இல்லை.
5. இந்த ஆண்டு மேசையில் நின்று விளக்கிய ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் இளையவரை இப்போதே பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் அவர்கள் கூடவே போய்ப் பறித்து, கூடவே நின்று சமைக்கட்டும். அடுத்த விழாவில் அந்த மேசையில் விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்த இளையவர்தான்.